செக்கிங் என்று கத்தச் சொன்ன மிஸ்

போன கிழமை ஒரு காலை நான் வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் இந்த வெள்ளவத்தை ஃபிளாட்டில் நானும் ரேடியோவும்தான். அந்த நேரம் பார்த்துக் கதவில் தட்டு.

"செக்கிங்! செக்கிங், அம்மா!"

ஒரு பொம்பிளைப் பிள்ளையின் குரல். நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மேல் கொண்டியைப் போட்டேன். ரேடியோவை நிற்பாட்டினேன். செருப்புச் சத்தம் கேட்கும் என்று அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு போய் அலுமாரிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒரு கையில் செருப்பு, மற்றக் கையில் வல்லாரை. எழுபது தாண்டின கிழவி. யாரிடமிருந்து ஒளிக்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

கதவுக்குக் கீழால் ஒரு மணம் வந்தது. அதுதான் என் புத்தியைத் திருப்பிக் கொண்டுவந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் போடுகிற, மணல் மாதிரியான நுளம்பு மருந்து. வெளியில் படிக்கட்டில் வைத்திருக்கிற பூச்சாடிகளுக்குள் அந்தப் பிள்ளை அதைப் போட்டிருக்க வேண்டும். அட, டெங்குப் பிள்ளை!

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. ஏனென்றால் நானே அந்தத் தொழில் செய்தவள். அந்த மருந்தைச் சீலைத்தலைப்பில் முடிந்துகொண்டு கொட்டாஞ்சேனை லேன் லேனாக அலைந்தவள். அந்தச் சொல்லைக் கதவுக்கு முன்னால் நின்று கத்தவேண்டும் என்று எனக்குப் படிப்பித்தவவையும் எனக்குத் தெரியும்.

அவவை எனக்குப் பிடிக்காது. வயது போனால் மனம் இளகும் என்று சொல்லுகிறார்கள். எனக்கு முழங்கால்தான் இளகியிருக்கிறது.

அந்த மணம் வந்தால் எனக்கு மீன் பனிஸ் நினைவு வரும். சம்பந்தம் இருக்கிறது, கேளுங்கள். நாட்டில் சண்டை நடந்த காலம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மூட்டை விழுந்து இடுப்பு போய்விட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், யார் வேலை தருவார்கள்? அப்போதுதான் கொழும்பில் டெங்கு என்று ஒரு காய்ச்சல் பெரிதாகப் பரவி, வீடு வீடாய்ப் போய்த் தொட்டி, பூச்சாடி, பழைய டயர் எல்லாம் பார்க்க ஆள் எடுத்தார்கள். எந்த ஆபீஸ் என்று நான் எழுதப் போவதில்லை. அங்கே நல்ல மனிதரும் இருந்தார்கள். பக்கத்து வீட்டு பிலோ பெயர் கொடுத்தாள், கூடவே என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்.

"அக்கா, முதல்ல ட்ரெய்னிங்காம். டீயும் மாலு பனிஸும் குடுக்கிறாங்களாம்."

நான் பனிசுக்காகத்தான் போனேன். இப்போது அதைச் சொல்ல வெட்கமில்லை. அப்போது எனக்கு வெட்கம் எதற்கு என்றில்லை, எல்லாவற்றுக்கும் வெட்கம். கடையில் பாண் கேட்கவே எனக்குக் குரல் வராது. கடைக்கார முதலாளி என் வாயசைவைப் பார்த்துப் பழகி, நான் வந்து நின்றாலே பாணை எடுத்து நீட்டுவார்.

ட்ரெய்னிங் ஒரு பழைய ஹோலில். வாங்கிலில் நாங்கள் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பொம்பிளைகள். முன்னால் மருந்துச் சாக்குகள் அடுக்கியிருந்தன. பனிஸ் தட்டை அந்தச் சாக்குக்கு மேலேயே வைத்துவிடுவார்கள். கடித்தால் மீனும் மிளகும் அந்த மருந்தும் சேர்ந்துதான் வாய்க்குள் வரும். அதுதான் நான் சொன்ன சம்பந்தம்.

மிஸ் வெள்ளவத்தையில் இருந்து வந்தா. ஊர் யாழ்ப்பாணம். சீலை மடிப்பு ஒன்றும் குலையாமல், கைக்குட்டையால் கதிரையைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவா. எங்கள் டீயைக் குடிக்கமாட்டா, சொந்த ஃபிளாஸ்க். எங்கள் எல்லாரையும் "பிள்ளையள்" என்பா, அங்கே அவவைவிட மூத்தவர்கள் இருந்தார்கள். பாருங்கள், இவ்வளவு கோபத்திலும் "சொன்னாள்" என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. மரியாதையாய் "சொன்னா" என்றுதான் வருகிறது. அப்படிப் பழக்கிவிட்டா.

பலகையில் பெரிதாக "தொடர்பாடல்" என்று எழுதினா. சனத்தோடு கதைக்கிற திறமையாம். நுளம்பைப் பிடிக்க முதல் சனத்தைப் பிடிக்க வேணும் என்றா. நல்ல பேச்சுத்தான். கதவுக்கு முன்னால் நின்று என்ன சொல்லவேண்டும் என்று ஒரு வசனமும் எழுதினா. "வணக்கம், நுளம்புப் பரிசோதனைக்கு வந்திருக்கிறோம்." எழுதிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தா. என்ன நினைத்தாவோ, துணியை எடுத்து பரிசோதனை என்ற சொல்லை அழித்தா.

"இது உங்கட வாய்க்கு வராது, பிள்ளையள். செக்கிங் எண்டே சொல்லுங்கோ. அது எல்லாருக்கும் விளங்கும்."

எங்கள் வாய்க்கு வராதாம். பெரிய வியாழனில் கோயில் வாசகம் எல்லாம் சொன்ன வாய் இது. பரிசோதனை வராதா? ஆனால் நான் எழும்பிச் சொல்லவில்லை, எழும்பிச் சொல்லுகிறவளாய் இருந்தால் என் கதையே வேறு. பிலோ என் காதுக்குள், "அவ வாய்க்கு எங்கட டீ வராது, எங்கட வாய்க்கு அவ தமிழ் வராதாமா" என்றாள்.

பிறகு ஒவ்வொருத்தராய் எழும்பிக் கத்தவேண்டும். செக்கிங்! செக்கிங்குக்கு வந்திருக்கிறம்! கதவைத் திறவுங்கோ! பிலோ கத்தினால் ஃபேனே ஆடும். என் முறை வந்ததும் எனக்கு வெறும் காற்றுத்தான் வந்தது.

"சத்தம் எங்க? வயித்துக்குள்ள வச்சிருக்கிறியோ? திரும்பச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் திரும்பச் சொன்னேன். திரும்ப. எங்கள் பக்கத்தில் "திறவுங்க" என்போம், அவவுக்கு "திறவுங்கோ" என்று வந்தால்தான் திருப்தி. அந்த "கோ" வரும்வரை என்னை நிற்கவைத்தா. காய்ச்சல் பற்றின பாடத்திலும் அப்படித்தான். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் பயம், உடம்பு குளிர்ந்து போனால் உள்ளே இரத்தம் கசியுதாம், உடனே ஆஸ்பத்திரி. அதற்கு ஒரு வசனம் வைத்திருந்தா. "குளிர்ந்தா சந்தோஷப்படாதேங்கோ, ஓடுங்கோ!" அதையும் என்னைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தா. அவவுக்கு என்னில் ஒரு கண். பூனை எலியில் வைக்கிற கண்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், அந்தச் சொல்லை அங்கே யாரும் யோசிக்கவில்லையா என்று. அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது. செக்கிங் என்றால் எங்களுக்கு என்ன என்று கொழும்பில் இருந்த எந்தத் தமிழ் வீட்டைக் கேட்டாலும் தெரியும். விடிய லேனை அடைப்பார்கள். ஆமியும் பொலிசும் கதவில் அடிப்பார்கள். அடையாள அட்டை, அதுதான் ஐசி, எங்கே, பொலிஸ் பதிவு எங்கே, வீட்டில் யார் யார். பதிவில் இல்லாத ஆளை ட்ரக்கில் ஏற்றுவார்கள். லேன் தலைப்பில் யாராவது "செக்கிங்" என்று மெல்லச் சொன்னாலே போதும், அடுப்பில் இருக்கிற சோறு அப்படியே கருகும். அது பிலோவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மிஸ்ஸின் வெள்ளவத்தை வீட்டிலும் ஐசி கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஹோலுக்குள், பனிசும் ஃபேனும் சிரிப்பும் நடுவில், அது டயருக்குள் தண்ணீர் பார்க்கிற சொல்லாய் இருந்தது. வெளியில் அது என்ன சொல் என்று ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை.

முதல் நாள் வேலைக்கு எங்களுக்குக் காக்கித் தொப்பி தந்தார்கள். காக்கி! அதையும் யாரோ யோசித்துத்தான் வாங்கியிருப்பார்கள்.

காலை வெயில் ஏறுகிற நேரம். என் வீட்டுக்கு அடுத்த லேன். பிலோ தலைப்பில் நின்று, படித்தபடி, தன் முழுக் குரலில் கத்தினாள்.

"செக்கிங்! செக்கிங்குக்கு வந்திருக்கிறம்! கதவைத் திறவுங்கோ!"

லேன் செத்தது. வேறு எப்படிச் சொல்ல? ரேடியோக்கள் நின்றன. ஜன்னல்கள் ஒன்றின் பின் ஒன்றாய் அடைபட்டன. எங்கேயோ ஒரு சட்டி விழுந்தது. முதல் வீட்டில் ஒரு கிழவர் இரண்டு கையிலும் ஐசியைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார், கூப்பிடாமலே. பிலோ தொப்பியைக் கழற்றினாள். அவள் முகத்தைப் பார்த்தேன், அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"ஐயோ அக்கா," என்றாள். "நாம என்னா சொன்னோம்?"

பிலோ ஒவ்வொரு கதவாய்ப் போய், "நான்தான், பிலோ, நுளம்புக்கு, நுளம்புக்கு" என்று தட்டினாள். ஒருத்தரும் திறக்கவில்லை. நான் என் அகப்பையையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் பின்னால், கழிவுநீர்க் கான் ஓரமாய்ப் போனேன். என் வேலை பின்பக்கத் தொட்டிகள். கத்தத் தெரியாதவளுக்கு அதுதான் தருவார்கள்.

மேபிள் அக்கா வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு பெரிய சீமெந்துத் தொட்டி இருந்தது. மேபிள் அக்கா அறை வாடகைக்கு விடுகிறவள். தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில், ஒரு பழைய தறப்பாளுக்குக் கீழ் ஏதோ அசைந்தது. பூனை என்று தூக்கினேன். இரண்டு சோடிக் கண்.

ஒரு தாயும் மகளும். மகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், தாயின் சீலையால் சுற்றி மடியில். தாய் என் முகத்தைப் பார்க்கவில்லை, தொப்பியைத்தான் பார்த்தாள்.

"பதிவு முடிஞ்சு போச்சு," என்றாள். "பாருங்கோ, நாங்கள் விசாவுக்கு வந்த ஆக்கள்தான். சுவிசில இவளின்ட அப்பா. பிள்ளைக்குச் சுகமில்லை, எங்கள விடுங்கோ."

"நான் நுளம்புக்கு வந்தனான்," என்றேன், மெல்ல. அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் யார் நம்புவார்? நுளம்புக்கு வந்தவளாம்.

"நீங்க ஆரின்ட ஆள்? ஆர் எங்களக் காட்டிக் குடுத்தது, இந்த மேபிளோ?"

அப்படியொரு வெறுப்பை நான் யாருடைய கண்ணிலும் பார்த்ததில்லை. நான் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். தாய் என் கையைத் தட்டிவிட்டாள், நகம் பட்டு இரத்தம் வந்தது.

"தொடாதேங்கோ. காய்ச்சல் இண்டைக்குத்தான் விட்டது. நாலைஞ்சு நாள் நெருப்பாக் கிடந்தது, இப்ப நல்லாக் குளிர்ந்து போச்சு. பிள்ளையார் புண்ணியம்."

குளிர்ந்து போச்சு. பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது. பல்லோரத்தில் ஒரு சிவப்புக் கோடு. கால் விரல் தறப்பாளுக்கு வெளியில் நீட்டிக்கொண்டு இருந்தது, அதைத் தொட்டேன். மீன் கடை ஐஸ் மாதிரி இருந்தது.

என்ன செய்தேன் என்று கேட்டால், நான் ஒன்றும் செய்யவில்லை. என் வாய் செய்தது. என் உடம்பில் எங்கே ஒளித்திருந்ததோ, ஒரு குரல் வந்தது. கொட்டாஞ்சேனைக் குரல் இல்லை. வெள்ளவத்தைக் குரல். கதிரையைத் துடைத்துவிட்டு உட்காருகிற குரல்.

"குளிர்ந்தா சந்தோஷப்படாதேங்கோ, ஓடுங்கோ! எழும்புங்கோ! பிள்ளையைத் தூக்குங்கோ!"

அந்தத் தாய் எழும்பிவிட்டாள்! ஊர்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர் பிரம்போடு வந்து நின்றமாதிரி, கேள்வி ஒன்றும் கேட்காமல் எழும்பிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். என் சொந்தக் குரலில் நான் அழுது கேட்டிருந்தாலும் அவள் அசைந்திருக்கமாட்டாள். அந்த "கோ"வுக்கு அசைந்தாள். என்னை ஹோலில் நிற்கவைத்துச் சிரித்த அந்த "கோ"வுக்கு. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

பிலோ ஒரு த்ரீவீல் ஓட்டோவைப் பிடித்து எல்லாரையும் ஏற்றினாள். மேபிள் அக்கா கதவிடுக்கால் பார்த்து, "என் வீட்டில இருந்து எண்டு சொல்லிராதீங்க, மாதாவே, சொல்லிராதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவளையும் குறை சொல்லமாட்டேன், அவளுக்கும் ஒரு மகன் இருந்தான், இருபது வயது.

திருப்பத்தில் சென்ட்ரி. மணல் மூட்டை, கம்பி, ஒரு ஆமிப் பையன், மீசை சரியாய் முளைக்காதவன். துவக்கை நீட்டி நிற்பாட்டினான்.

"கொஹெத யன்னே? ஐசி!"

எங்கே போகிறீர்கள், ஐசி எடு. தாயின் ஐசி யாழ்ப்பாணத்து விலாசம், பதிவு முடிந்தது. அதை எடுத்தால் த்ரீவீல் ஆஸ்பத்திரிக்குப் போகாது, பொலிசுக்குத்தான் போகும். பிள்ளை அங்கேயே செத்துப்போகும். தாய் கையைப் பைக்குள் விட்டாள். பிலோ தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, என் சீலைத்தலைப்பில் முடிந்திருந்த மருந்துப் பொட்டலத்தை அவிழ்த்து எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"டெங்கு, மாத்தயா! லமயாட டெங்கு!"

பிள்ளைக்கு டெங்கு. அவ்வளவுதான். அந்தப் பையன் ஒரு அடி பின்னால் வைத்தான். பிறகு இன்னொரு அடி. மருந்து மணம் வேறு. பிள்ளையின் உதட்டில் இருந்த இரத்தத்தைப் பார்த்தான். குண்டுக்குப் பயப்படாமல் வெயிலில் நின்றவன், மூக்கைப் பொத்திக்கொண்டு கையை வீசினான்.

"யன்ன, யன்ன, யன்ன!"

போ, போ, போ. டெங்கு தொற்றாது என்று ட்ரெய்னிங்கில் படித்திருந்தோம். அவனுக்கு நாங்கள் அதைச் சொல்லவில்லை. ஆமிக்காரருக்கும் யாராவது அந்த ட்ரெய்னிங் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை இன்று இல்லை.

இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பார்த்திருக்கவே வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். பிள்ளை பிழைத்தது. நான் ஒருநாள் தோடம்பழம் கொண்டு பார்க்கப் போனேன். பிள்ளை கட்டிலில் எழும்பி இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. தாய் சிரிக்கவில்லை. என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அடிக்குரலில் சொன்னாள்.

"நீங்கள் கத்தினபடியாத்தான் நான் அந்தச் சுகமில்லாத பிள்ளையை இழுத்துக்கொண்டு ஊத்தைக்குள்ள கிடந்தனான். ஒரு நன்றியும் என்னட்ட எதிர்பாக்காதேங்கோ."

நான் எதிர்பார்க்கவில்லை. அவள் சொன்னது சரி. தோடம்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் மிஸ்ஸை நான் எப்போதோ மறந்திருப்பேன். அடுத்த மாதம் திரும்ப ட்ரெய்னிங். புது ஆட்களும் இருந்தார்கள். மிஸ் எழும்பி, எங்கள் லேனில் நடந்ததை யாரிடமோ கேட்டு வந்து, கதையாய்ச் சொன்னா. எங்கட ட்ரெய்னிங்கில் படித்த ஒரு பிள்ளை, ஒரு வசனத்தாலே ஒரு உயிரைக் காப்பாற்றினாள், தொடர்பாடலின் வெற்றி இது என்றா. தறப்பாளும் இல்லை, சென்ட்ரியும் இல்லை, கத்தினதும் இல்லை. கதையில் மிஞ்சினது வசனமும் மிஸ்ஸும்தான். "எழும்பு, பிள்ளை, நீயே சொல்லு" என்று என்னை எழுப்பிவிட்டா. எனக்குத் திரும்பவும் காற்றுத்தான் வந்தது. "பாத்தியளே, வெக்கம்," என்றா, பாசமாய்ச் சொல்லுகிறமாதிரி.

பிலோ கை தூக்காமலே எழும்பினாள்.

"மிஸ், அந்தச் சொல்ல மாத்துங்க."

"எந்தச் சொல்?"

"செக்கிங்."

மிஸ்ஸுக்கு முகம் மாறியது. "ஏன், அது எல்லாருக்கும் விளங்குதுதானே?"

"ஓம் மிஸ். நல்லா விளங்குது. அதான் பிரச்சினை."

ஹோலே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. அது மேலிடத்தில் முடிவான வசனம், எல்லா இடத்துக்கும் ஒரே வசனம்தான், உங்களுக்கு விருப்பமான மாதிரி மாற்ற இது மீன் சந்தை இல்லை என்றா. பலகையில் அந்தச் சொல்லை இன்னும் பெரிதாய் எழுதினா. வெள்ளைக்கட்டி உடைந்தது. அடுத்த முறை ஆள் எடுத்தபோது பிலோவின் பெயர் வரவில்லை. குரல் நல்லாய் இல்லையாம். பிலோவின் குரல்! ஃபேனை ஆட்டின குரல்.

நான் தொடர்ந்து போனேன். கத்தத் தெரியாதவளுக்கு வேலை போகவில்லை, பாருங்கள். பிலோவுக்குப் பதில் வந்தவள் லேன் தலைப்பில் கத்துவாள், நான் அதற்கு முதல் பின்பக்கத்தால் ஓடிப்போய் ஒவ்வொரு குசினி ஜன்னலிலும் விரலால் தட்டி, "நுளம்பு, நுளம்பு" என்று சொல்லிக்கொண்டே போவேன். அதற்குக் குரல் தேவையில்லை.

பிலோ பிறகு இத்தாலிக்குப் போனாள், அங்கே ஒரு கிழவியைப் பார்க்கிற வேலை. அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். மேபிள் அக்கா வீடு இருந்த இடத்தில் இப்போது ஏழு மாடி. கீழே கார் நிற்பாட்டுகிறார்கள். அந்தச் சீமெந்துத் தொட்டி இல்லை, கான் மூடிவிட்டார்கள். சென்ட்ரி நின்ற திருப்பத்தில் இளநீர் விற்கிறார்கள். மிஸ் கனடாவிலாம். நல்லாய் இருக்கட்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. குளிராய் இருக்கும், அது போதும்.

அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று இவ்வளவும் யோசித்துக்கொண்டிருந்தேனோ என்று நினைக்காதீர்கள். பாதி அங்கே, மீதி பிறகு. அந்தப் பிள்ளை திரும்பவும் தட்டினாள். "அம்மா, உள்ள இருக்கிறீங்களா? செக்கிங்!"

செருப்பைப் போட்டேன். கதவுக்குக் கிட்டப் போனேன். கொண்டியில் கை வைத்துக்கொண்டு, திறக்காமலே சொன்னேன். சொன்னதா, கத்தினதா, தெரியாது. வந்தது என் குரல் இல்லை என்பது மட்டும் தெரியும்.

"பிள்ளை, அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ!"

வெளியில் செருப்புச் சத்தம் கதவுக்குக் கிட்ட வந்தது. பிறகு, "எந்தச் சொல்லு, அம்மா?"

கேலி பண்ணுகிறாளோ என்று கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கழுத்தில் அட்டை, கையில் டோர்ச், நெற்றியில் வியர்வை. மேல் மாடிகள் எல்லாம் ஏறி இறங்கிக் களைத்துப்போயிருந்தாள். நான் சொல்லப்போகிறதுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.